மிதவைக் கயிறு

சபினுக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. ஒரு வாரமாகக் கடல் கெட்டு வேலை நின்றுபோனதில், ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சமும் போய்விட்டது. வைத்திக்குப்பத்தில் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்த மாடி அறையில் ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் தூரத்தில் பார்ஜ் தெரியும். எரிவாயுக் குழாயைக் கடலடியில் இறக்கிக்கொண்டே போகும் தட்டைக் கப்பல் அது. அதில் டைவராக அவள் தம்பி மாக்சிம் இருந்தான்.

அப்பா பிரெஞ்சு ராணுவத்துப் பென்ஷன்காரர். மகனும் அந்த வழியே போவான் என்று வீடே காத்திருக்க, இவன் தண்ணீருக்குள் போய்விட்டான். வேலை வாங்கிக் கொடுத்தவளே சபின்தான். அம்மா ஜொசியான் அதைப் போனில் தினமும் ஒருமுறை சொல்லிக்காட்டாமல் விடமாட்டாள்.

சபினின் வேலை மண். கடலடிச் சேற்றில் குழாய் எவ்வளவு புதையும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். குழாயின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு என்று சொல்லியிருந்தாள். நிற்காமல் போட்டுக்கொண்டே போயிருந்தால் அது சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கடல் கெட்டதும் பார்ஜ் நின்றது. குழாயின் ஒரு முனை பார்ஜின் பிடியில், மீதி தரையில். அலைக்கு பார்ஜ் ஏறி இறங்கும்போதெல்லாம் குழாயும் ஆடும். ஒரே இடத்தில் வளைந்து வளைந்து இரும்பு விட்டுப்போகக் கூடாதே என்று, காத்திருக்கும் நேரத்தில் பார்ஜைக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே நகர்த்துவது இந்தத் தொழிலில் வழக்கம். யாரும் யோசித்துச் செய்வதில்லை. கேட்டபோது சபினும் யோசிக்காமல் சரி என்றிருந்தாள்.

இன்று காலை கடல் கொஞ்சம் அடங்கியது. மறுபடி தொடங்கும் முன், குழாய் தரையைத் தொடும் இடத்தில் எப்படிக் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். கலங்கிய தண்ணீரில் கேமராவுக்கு ஒன்றும் தெரியவில்லை. டைவர் இறங்கிக் கையால் தடவிப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார் பார்ஜ் பொறுப்பாளர் வடிவேல்.

வாக்கி-டாக்கியில் மாக்சிமின் குரல் வந்தது. "அக்கா, எறங்கப் போறேன். அம்மாகிட்ட சொல்லாத."

"சாப்ட்டியா?"

"நீயும் ஆரம்பிக்காத. இங்க எல்லாரும் கேட்டுகினு இருக்காங்க." சிரித்தான். "நான் கட்டின மிதவ பாதி முங்கிக் கெடக்குது. கயிறு சுருங்கிடிச்சி போல."

சபின் நடப்பதை நிறுத்தினாள். கடல் கெடுவதற்கு முன், அடையாளத்துக்காக அந்த இடத்தில் குழாயோடு சேர்த்து அவன் கட்டிவிட்ட மிதவை அது.

"எவ்ளோ லூசு வுட்டுக் கட்டின?"

"ரெண்டு மொழம் இருக்கும். ஏன்?"

இரண்டு முழம் சுருங்குகிற கயிறு உலகத்தில் இல்லை. அதுவும் இது தண்ணீர் வற்றும் நேரம். கயிறு தொளதொளவென்று கிடந்திருக்க வேண்டும். அப்படியென்றால் குழாய்தான் கீழே போயிருக்கிறது. அலையோரம் நின்று குதிகாலை ஆட்டினால் கால் புதையும் என்பது பீச்சுக்கு வரும் பொடிசுகளுக்கும் தெரியும். ஆடிய ஆட்டத்தில் குழாய் தனக்கொரு பள்ளம் தோண்டிக்கொண்டு முழுசாக உள்ளே இறங்கியிருக்கிறது. முன்னும் பின்னும் நகர்த்தி அந்தப் பள்ளத்தை நீட்டியும் விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் முட்டி போட்டுத் தடவலாம் என்று நம்பி இறங்குகிறவன் நேராகப் பள்ளத்துக்குள் போவான். ஆடும் குழாய்க்கும் சேற்றுச் சுவருக்கும் நடுவில் மாட்டினால் அவனை வெளியே எடுக்க முடியாது.

"வடிவேல் சார், மாக்சிம எறக்காதீங்க. என் கணக்கு தப்பாயிடிச்சி. கொழா ரொம்ப ஆழத்துல இருக்குது."

"மேடம், மூணுல ஒரு பங்குன்னு கையெழுத்து போட்டதே நீங்கதான? தம்பி எறங்கறப்ப மட்டும் தப்பாயிடிச்சா?"

"அக்கா, மானத்த வாங்காத," என்றான் மாக்சிம்.

சபினுக்குக் காது சுட்டது. இது கணக்கா, பயமா என்று அவளுக்கே ஒரு கணம் சந்தேகமாக இருந்தது.

"சரி வுடுங்க மேடம்," என்றார் வடிவேல். "தம்பி வேணாம். வினோத்குமார் எறங்கட்டும். டேய் வினோத்து, மாட்டிக்கடா."

வினோத்குமார் பிள்ளைச்சாவடிப் பையன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாக்சிமோடு வீட்டுக்குச் சாப்பிட வருவான். உரிமையாகக் குழம்புச் சட்டியைத் திறந்து எலும்பைத் தேடி எடுப்பான்.

சபினுக்கு நிம்மதியாக இருந்தது. வாக்கியை மேசையில் வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். பாதி பாட்டில் காலியானபோதுதான் உறைத்தது. அதே குழாய், அதே பள்ளம். வாக்கியில் ஹெல்மெட்டைப் பூட்டும் சத்தம் கேட்டது.

பாய்ந்து எடுத்தாள். "வினோத்தும் வேணாம்! யாரும் எறங்கக் கூடாது! எறக்கினீங்கன்னா இப்பவே மேல எடத்துக்குப் போன் போடுவேன்!"

வடிவேல் வாய்க்கு வந்தபடி திட்டினார். ஆனால் நிறுத்திவிட்டார்.

மதியம் பார்ஜிலிருந்து நீளக் கம்பியை இறக்கிக் குத்திப் பார்த்தார்கள். குழாயின் முதுகு, தரைக்கு ஒரு முழம் கீழே பள்ளத்துக்குள் தட்டுப்பட்டது. கம்பியை எடுப்பதற்குள் பள்ளத்தின் ஒரு பக்கம் சரிந்து கம்பியைக் கவ்விக்கொண்டது. கயிறு சுற்றி இழுக்கும் விஞ்ச் எந்திரம் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"நல்ல வேள மேடம்," என்று மட்டும் சொன்னார் வடிவேல்.

சாயங்காலம் துறைமுகத்தில் படகு வந்து அணைந்தது. மாக்சிம் குதித்து இறங்கி அவளைக் கட்டிக்கொண்டான். "பொழச்சேன்க்கா!" என்றான். பின்னாலேயே பையைத் தோளில் மாட்டியபடி வினோத்குமார் வந்தான்.

"அக்கா, என்ன எறங்கச் சொன்னதும் உங்க சத்தமே வரல. ஹெல்மெட்டு மாட்டி முடிக்கற வரைக்கும் வரல. லைன் கட்டாயிடிச்சா?"

கோபமாகக் கேட்கவில்லை. ஆமாம் என்று அவள் சொல்லிவிடுவதற்கு வாகாகவே கேட்டான்.

"கட்டாவல வினோத்து," என்றாள் சபின்.

அவன் தலையாட்டினான். பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"ஞாயித்துக்கெழம வருவல்ல?"

"பாக்கறேங்க்கா," என்று சொல்லிவிட்டு, மாக்சிமுக்காகக் காத்திருக்காமல் தன் பைக்கை நோக்கி நடந்தான்.