மூச்சுச் சத்தம் வரக் கூடாது

எங்கள் பாடகர் குழுவில் ஒரு சட்டம் உண்டு. பக்கத்தில் நிற்பவள் மூச்சு வாங்கும்போது நீ வாங்கக் கூடாது. நான் நிறுத்தினால் மார்த்தா பாடுவாள், அவள் நிறுத்தினால் நான். நாற்பது பேரும் இப்படி மாறி மாறி வாங்கினால், கேட்பவர்களுக்கு இடைவெளியே இல்லாத ஒரே குரல். எங்கள் ஊர் இல்மயோகியில் முப்பத்துநான்கு வருஷமாக அப்படித்தான் பாடுகிறேன்.

அந்தக் குரலுக்காகத்தான் ஹெல்சிங்கியிலிருந்து இயக்குநர் காஸ்பர் எங்களைத் தேடி வந்தார். நானூறு வருஷத்துக்கு முன்னால் வெறும் தடியோடு குதிரைப்படைக்கு எதிரே நின்று செத்த எங்கள் ஊர்க் குடியானவர்களைப் பற்றிய படம். என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவர்கள் செத்து விழுந்த வயல்கள்தான் தெரியும். கடைசிக் காட்சியில் அவர்கள் தடியை ஓங்கப் போகும்போது முரசு, வயலின் எல்லாம் ஓய்ந்துவிடும். பிறகு நான்கு நிமிஷம் எங்கள் குரல் மட்டும்.

ஒலிப்பதிவு ஹாலில் மூன்றாவது டேக் முடிந்ததும் ஒலிபெருக்கியில் காஸ்பர் பேசினார்.

"மூச்சு கேக்குது. ரெண்டாவது வரிசை, பெண்கள் பக்கம். யாரோ துருத்தி மாதிரி இழுக்குறாங்க."

நான்தான். வயது அறுபத்துமூன்று. போன குளிர்காலத்தில் நிமோனியா வேறு. குழுவை நடத்தும் ரெய்யோ தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"சைமி, கோச்சுக்காதீங்க. இந்த இடத்துல மட்டும் சும்மா வாயை அசைங்க. படத்துல உங்க பேரு எப்படியும் வந்துடும்."

"வாயை மட்டும் அசைக்க நான் என்ன மீனா? பேரை அவரையே வெச்சுக்கச் சொல்லுங்க, எனக்குக் குரல்தான் வேணும்."

காதெல்லாம் சுட்டது. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியே இருப்பேன், மார்த்தா முழங்கையைப் பிடித்தாள்.

"நில்லுடி. என்ன ஆகுதுன்னு பாரு."

நான்காவது டேக்கில் வாயை மட்டும் அசைத்தேன். மார்த்தா மூச்சு வாங்கியபோது அதை மறைக்க என் குரல் இல்லை. பளிச்சென்று கேட்டது. அவளையும் வாயசைக்கச் சொன்னார்கள். அடுத்த டேக்கில் அவளுக்கு அந்தப் பக்கம் நின்ற இங்கேரி மாட்டினாள். ஏழாவது டேக்கில், கீழ்க்குரல் பாடும் எங்கள் வரிசை முழுக்க மீன்கள்தான். வயலின்காரர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார்கள்.

"கீழ்க்குரலே இல்லையே, எங்க போச்சு?" என்றார் காஸ்பர்.

"நீங்கதானே மூடச் சொன்னீங்க!" என்றாள் மார்த்தா.

எனக்குப் பொறுக்கவில்லை. மைக் இருக்கும் பக்கம் பார்த்துக் கத்தினேன்.

"சாகப் போறவன் தடியைத் தூக்குறான். தூக்குறதுக்கு முன்னாடி மூச்சு வாங்க மாட்டானா? உங்க ஊர்ல எப்படியோ, எங்க ஊர்ல வாங்குவான்!"

ரெய்யோ எங்களையே பார்த்தார். மாறி மாறி மூச்சு வாங்கும் சட்டத்தைப் போட்டவரே அவர்தான். எட்டாவது டேக்கில் முரசு ஓய்ந்ததும் இரண்டு கைகளையும் உயர்த்தினார், வாயைப் பெரிதாகத் திறந்தார். புரிந்துவிட்டது. நாற்பது பேரும் ஒன்றாக, வெட்கமே இல்லாமல் மூச்சை இழுத்துவிட்டுப் பாடினோம். கடைசி ஸ்வரம் அடங்கியதும் வயலின்காரர்கள் வில்லால் இசைத்தாள் தாங்கிகளைத் தட்டினார்கள். வாத்தியக்காரர்களின் கைதட்டல் அதுதான்.

"இன்னொரு டேக்!" என்றார் காஸ்பர்.

"ஹால் நேரம் முடிஞ்சுது," என்றாள் இசையமைப்பாளர் ஐலா. காலையிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை. "முடியலைன்னாலும் நான் மறுபடி எடுக்க மாட்டேன். படத்துல இதுதான் போகுது."

நவம்பரில் பக்கத்து ஊர் செய்னயோகி தியேட்டரில் படம் பார்த்தோம். பனியில் குடியானவர்கள் நின்றார்கள். தடிகள் உயரும் முன் அரங்கம் முழுக்க அந்த மூச்சு கேட்டது. மற்றவர்களை ஒரு கணம் முந்திக்கொண்டு, கரகரவென்று ஒரு மூச்சு.

"அது நீதானே?" என்று மார்த்தா காதில் கேட்டாள்.

"நானேதான்!"

முன்வரிசை ஆள் திரும்பி, வாயை மூடச் சொல்லி உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். நான் மூடவில்லை.