சுந்தரேசன் காரில் எரிந்த மஞ்சள் விளக்கு

அல்சூர் சோமேசுவரர் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. பொய் சொல்லும் பழக்கம் எங்கள் பரம்பரையிலேயே யாருக்கும் இல்லை.

இரண்டாயிரமாவது வருஷத்தை ஒட்டி ஜோகுபாளையத்தில் ஷெட் வைத்திருந்த முனிராஜுக்கு என்ஜின் பாஷை அத்துப்படி. பானெட்டில் காதை வைத்தால் போதும். பிளக்கில் கோளாறா பெல்ட்டில் கோளாறா என்பதோடு, ஓட்டி வந்தவர் காலையில் தின்றது தோசையா உப்புமாவா என்பதையும் சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்டவனின் மானத்தை வாங்கவென்றே வந்து சேர்ந்தது, ரிட்டயர்டு சர்க்கார் அதிகாரி சுந்தரேசனின் கார்.

ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு என்ஜின் படம் எரியும். செக் என்ஜின் லைட். அது எரிந்தால், நின்ற இடத்தில் வண்டி மிஸ் அடித்து உதறும். அல்சூர் சிக்னலில் ஒருநாள் அப்படி உதறியதில், சுந்தரேசனின் மனைவி ரமா பின் சீட்டில் வைத்திருந்த தயிர், பச்சை விழுவதற்குள் வெண்ணெய் வேறு மோர் வேறாகப் பிரிந்துவிட்டது. முனிராஜ் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவான். விளக்கு அணையும். சத்தமே இருக்காது, என்ஜின் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சில நாள் போனால் மறுபடி எரியும்.

முதலில் பெட்ரோலைக் குறை சொன்னான். பிறகு எலியை. சாக்கெல்லாம் தீர்ந்த பிறகு, "சார், உங்க இடது கால் கொஞ்சம் கனம். கிளட்ச் மேலயே வச்சிருக்கீங்க" என்று அடித்துவிட்டான்.

சுந்தரேசன் அதை நம்பிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை கார் வந்தபோது முன்னும் பின்னும் சிவப்பில் 'எல்' போர்டு.

"டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்துட்டேன் முனிராஜ். காலை எடு, காலை எடுன்னு வாத்தியார் தலைல அடிச்சுக்கறார். அப்பவும் எரியறதே! நீ பாடுபட்டுச் சரிபண்றே, நான் கெடுத்துக் கொண்டுவரேன். மன்னிச்சுக்கோப்பா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இனிமே ஓட்ட வேண்டாம், சாவியைக் கொடுங்கோன்னுட்டா ரமா. இன்னிக்கும் சரியாகலேன்னா கொடுத்துட வேண்டியதுதான்."

முனிராஜுக்குக் காது மடல் சுட்டது. முகத்தை மறைக்க வேறு இடமில்லாமல் பானெட்டுக்குள் தலையை விட்டான். இதுவரை தொடாத, காற்று உள்ளே போகும் வழியைக் கழற்றினான். தோசைக்கல் அடிப்பாகம் மாதிரி கரி. விரலால் தொட்டு முகர்ந்தான். பெட்ரோல் வாசனை இல்லை, கோயில் வாசனை.

விரலை மறுபடி முகர்ந்தான். சாம்பிராணியேதான்.

சாம்பிராணி காட்டாமல் எந்த வண்டியும் அந்த ஷெட்டை விட்டுப் போகாது. மற்ற வண்டிகளுக்குச் சுற்றிக் காட்டுவதோடு சரி. சுந்தரேசன் பெரிய மனிதர் என்பதால் அவர் வண்டிக்கு மட்டும் தனி மரியாதை: ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, என்ஜினை ஓடவிட்டு, அதன் மூக்குக்கு நேராகவே காட்டும்படி மனைவியிடம் சொல்லியிருந்தான். புகை என்றால் அப்படி ஒரு புகை. ஒருமுறை தீயணைப்பு வண்டியே மணியடித்துக்கொண்டு வந்து, சுண்டல் வாங்கிக்கொண்டு போனது.

அன்றைக்கும் தூபக்காலோடு வந்து நின்றாள் அவன் மனைவி பாஞ்சாலி.

"நவுருய்யா. பெரியவர் வண்டிக்கு நல்லா காட்டணும்."

"வேணாம் பாஞ்சாலி."

"இன்னாயா பேஜாரு பண்றே? நீதானே சொன்னே, மூக்குலயே வுடு, திருஷ்டி உள்ளருந்து போவட்டும்னு?"

பானெட்டைத் தன் மேலேயே இழுத்து மூடிக்கொள்ளலாமா என்றிருந்தது முனிராஜுக்கு. சுந்தரேசனோ கையைக் கூப்பினார்.

"காட்டட்டும்ப்பா. அப்படியே என் காலுக்கும் காட்டிடும்மா" என்று பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டி, இடது காலைத் தூபக்காலுக்கு நேராக நீட்டினார்.

மெலிந்து வெளுத்த கால். கனம் என்று சொன்ன வாயைப் பொசுக்கிக்கொள்ளத் தோன்றியது.

"காலை எடுங்க சார்" என்றான், தரையைப் பார்த்து. "உங்க மேல தப்பே இல்ல. நாங்க காட்டுன பொகைதான் உள்ள போய்க் கரியா அடைச்சிருக்கு. கண்டுபிடிக்கத் தெரியாம உங்க கால் மேல பழியப் போட்டுட்டேன்."

சுந்தரேசன் பேன்ட்டை மெதுவாக இறக்கிவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் முனிராஜுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்போ நான் நன்னாத்தான் ஓட்டறேனா?"

"நல்லாத்தான் ஓட்றீங்க சார்."

"வண்டில ஏறு. இதை ரமாகிட்ட வந்து சொல்லு."

கரியைத் துடைத்து மாட்டினான். புகை காட்டாமலே வண்டி கிளம்பியது. வீட்டு வாசலில் சாவிக்குக் கையை நீட்டியபடி நின்றாள் ரமா. தெருவில் நின்றபடியே முனிராஜ் எல்லாவற்றையும் சொன்னான்.

"காது மந்தம்ப்பா எனக்கு. கொஞ்சம் உரக்கச் சொல்லு" என்றாள் ரமா.

இரண்டாம் முறை கத்திச் சொன்னபோது எதிர்வீட்டு மாடியில்கூட ஆட்கள் கூடிவிட்டார்கள். அவளுக்குப் பாம்புக் காது என்று முனிராஜுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ரமா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். சாவி சுந்தரேசன் சட்டைப் பைக்குப் போனது.

ஜோகுபாளையத்தில் முனிராஜின் கடை இன்றும் இருக்கிறது. அங்கே அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, சைக்கிள் மட்டும்தான் ரிப்பேர் செய்கிறார்கள்.