ஒட்டு இல்லாத தரை

காலை ஆறு மணிக்கே அவன் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நின்றான். மாலை நான்கு மணிக்கு அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார். அதற்குள் அவருடைய அறைக்கு வினைல் ஷீட் விரித்து முடித்தாக வேண்டும். பதினெட்டு வருஷமாக அடுத்தவர் வீட்டுக்கெல்லாம் பூப்போட்டும் கட்டம்போட்டும் தரை விரிக்கிறவன், சொந்த வீட்டில் இன்றுவரை வெறும் சிமென்டில்தான் நடந்துகொண்டிருந்தான்.

தொழிலில் அவனுக்கு ஒத்தைத்தாள் என்று பட்டப்பெயர். எவ்வளவு கோணல்மாணலான அறையாக இருந்தாலும் ஒரே தாளாக விரித்துவிடுவான். மற்றவர்கள் இரண்டு துண்டை ஒட்டிவிட்டு, அதன்மேல் நாற்காலியை இழுத்துப் போட்டு மறைத்துவிட்டுப் போவார்கள். இவனுக்கு ஒட்டு வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. வீட்டுக்காரர்களே கண்டுகொள்ளாத ஒட்டுக்காக இரண்டு நாள் கழித்துப் போய் மன்னிப்புக் கேட்டவன்.

அப்பாவுக்கு நடுக்கு வியாதி. கை நடுங்குவதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டீ பாதி வாய்க்கு, பாதி சட்டைக்கு என்று சிரித்துவிடுவார். ஆனால் கொஞ்ச நாளாகக் கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நடந்துகொண்டே இருப்பவர் திடீரென்று நின்றுபோவார். பாதம் இரண்டையும் தரையோடு ஆணியடித்த மாதிரி. ஒருநாள் அப்படி பாத்ரூமுக்குப் போகும் வழியிலேயே நின்று, துணி நனைந்துபோயிற்று. மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் யாரையும் கூப்பிடாமல் தனியாகப் போகப் பார்த்து விழுந்து, இடுப்பில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கே டயபர் கட்டிவிட்டார்கள். அன்றையிலிருந்து தண்ணீரைக் குறைத்தார், பிறகு சாப்பாட்டையும் குறைத்தார். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்பது அவர் கணக்கு. இப்படியே போனால் இந்த மனிதர் எத்தனை நாள் தாங்குவார் என்று டாக்டரே கேட்டுவிட்டார்.

வழி காட்டியது நடைப் பயிற்சி கொடுக்கிற அம்மாள்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒவ்வொரு அடிக்கும் ஒன்றாகக் குறுக்கே கலர் டேப் ஒட்டினார். அப்பா ஒவ்வொரு கோட்டையும் சாக்கடையைத் தாண்டுகிறவர் மாதிரி தாண்டித் தாண்டி நடந்தார். கோடு முடிந்த இடத்தில் மறுபடி நின்றுவிட்டார். கூட இருந்த தங்கை அன்றைக்கே கடைக்கு ஓடிப்போய், சாம்பல் நிறத்தில் ஓர் அடிக்கு ஒன்றாக நீளவாக்கில் கருநீலப் பட்டை ஓடும் ஷீட்டாகப் பார்த்து, தாராளமாகவே வாங்கி வந்தாள்.

“அண்ணா, பட்டை குறுக்கால வரணும். கட்டில்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும். மறந்துடாதே.”

“ஏன், கத்தியையும் நீயே பிடிச்சுக்கறியா?” என்று அவன் கேட்டான்.

கட்டிலையும் அலமாரியையும் கூடத்துக்குத் தள்ளினான். சிமென்டில் இருந்த வெடிப்புகளை அடைத்துக் காயவைத்தான். ஷீட்டை வெயிலில் விரித்து இளக்கினான். நடு நடுவே வாசலுக்குப் போய் வந்தான், எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை. ஒரு டீயைப் போட்டு ஜன்னலில் வைத்தான், ஆறிப்போயிற்று. இன்னொன்று போட்டான், அதுவும் ஆறியது. தங்கை மூன்று தடவை போன் செய்தாள். மூன்று தடவையும் “ஆச்சு, ஆச்சு” என்றான்.

ஷீட்டின் அகலம் பன்னிரண்டு அடி. அறையின் அகலம் பதினொன்றரை, நீளம் பதினாறு. நீளவாக்கில் விரித்தால் ஒரே தாள். குறுக்கே விரித்தால் இரண்டு துண்டு, கட்டிலுக்கு முன்னாலேயே ஒட்டு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கை பாட்டுக்கு அளந்தது, கை பாட்டுக்கு வெட்டியது. மனசு முழுக்க நான்கு மணியிலேயே இருந்தது.

மூன்றரைக்கு ஓரமெல்லாம் டேப் ஒட்டி, உருளையால் அழுத்தி முடித்தான். ஒரு குமிழி இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. தண்ணீர் நின்ற மாதிரி கிடந்தது தரை. இருந்தும் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எதையோ விட்டுவிட்டோம் என்று உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. மூலை மூலையாகத் தடவிப் பார்த்தான். குழாயைத் திறந்து மூடினான். கட்டிலை உள்ளே தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் கார் நின்றது. அப்போதுதான் கண்ணில் பட்டது. பட்டைகள் எல்லாம் கட்டிலிலிருந்து பாத்ரூம்வரை நீளவாக்கில், தண்டவாளம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தன.

பட்டை குறுக்கே வரவேண்டும் என்று தங்கை சொன்னது நினைவுக்கு வந்தது.

தங்கை அப்பாவின் முழங்கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அப்பா பாதியாகியிருந்தார்.

“டயபரை அவுத்துப் போட்டுட்டுதான் கார்ல ஏறினார். யார் சொல்லியும் கேக்கல” என்றாள்.

“முதல்ல பாத்ரூம்” என்றார் அப்பா.

அறை நிலையைத் தாண்டியதும் கால் நின்றுவிட்டது. முழங்கால் வெடவெடவென்று ஆடியது, பாதம் மட்டும் நகரவில்லை. தங்கை தரையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“நீளவாக்குல போட்டுட்டியே அண்ணா!”

“ஒட்டு வந்துடும்னு...”

“ஒட்டா இப்ப முக்கியம்?”

அவனுக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. அப்பாவின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

“அப்பா, நான் தூக்கிட்டுப் போயிடறேன்.”

“தொட்டுப் பாரு, தெரியும்” என்றார் அப்பா.

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். ஷீட் வெட்டுகிற இரும்பு ஸ்கேல் சுவரோரம் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு மண்டியிட்டு, அப்பாவின் கால்விரல்களுக்கு முன்னால் குறுக்கே வைத்தான். அப்பா குனிந்து அதையே பார்த்தார். வலது கால் மேலே எழுந்தது, தாண்டியது. இடது காலும் பின்னாலேயே வந்தது. அவன் ஸ்கேலை எடுத்து ஓர் அடி தள்ளி வைத்தான். மறுபடி தாண்டினார். அவன் மண்டியிட்டபடியே பின்னால் நகர்ந்துகொண்டு வைத்தான், எடுத்தான், வைத்தான். நடுவில் ஒரு தடவை அவசரத்தில் தூரமாக வைத்துவிட, அப்பா தள்ளாடினார். தங்கை “ஐயோ” என்றாள்.

“பேசாதே” என்றார் அப்பா, ஸ்கேலை விட்டுக் கண் எடுக்காமல்.

பன்னிரண்டாவது தடவை பாத்ரூம் வாசல். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளும் விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தங்கை சுவரில் சாய்ந்து அழுதே விட்டாள். அழுதுகொண்டே கேட்டாள்:

“திரும்பி வரணுமே அண்ணா?”

அவன் மிச்சம் கிடந்த ஷீட்டை இழுத்து, கருநீலப் பட்டையை மூன்றடித் துண்டுகளாக நறுக்கினான். முதல் துண்டைப் பாத்ரூம் வாசலுக்கு முன்னால் குறுக்கே வைத்து அமுக்கினான். மேலேயே ஒட்டிவிட்டால் விளிம்பு காலைத் தடுக்கும். துண்டின் ஓரமாகவே கீழே இருக்கும் தாளையும் அறுத்து எடுத்து, அந்தப் பள்ளத்தில் பதிக்க வேண்டும். ஒரு பட்டைக்குச் சுற்றி நான்கு ஒட்டு. கத்தி தாளைத் தொட்டது, இறங்கவில்லை. ஒரே தாள், ஒரு கீறல் இல்லாத தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். சர்ரென்று கிழிந்தது. இரண்டாவது பட்டைக்குக் கை தயங்கவே இல்லை.

தங்கை டேப்பைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தாள். பதித்தான், உருளையால் அழுத்தினான், அடுத்ததற்கு நகர்ந்தான். ஒன்பது பட்டை முடிந்தபோது உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

“பெரியவனே, வரட்டுமா?”

“இன்னும் மூணே கோடுதான்பா. அப்படியே உக்காந்திருங்க.”

அவன் பத்தாவது பட்டையைப் பதித்தான். பிறகு உள்ளிருந்து குரல் வந்தது.

“எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லடா. நேராப் போடு.”