துண்டுக்குள் சொன்ன தொகை

ஆறுமுகத்தாயின் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வாங்க ஒன்பதே கால் ரூபாய். அதுவும் நாற்பத்தாறாம் வருசம், ஊரே அரிசிக்கு ரேஷன் கடை வாசலில் காத்துக் கிடந்த காலத்தில். விலையைச் சொன்னவன் அவளுடைய அண்ணன் மூக்காண்டி, பஞ்சுக் கம்பெனியில் எடை போடுகிறவன். கோடாங்கிக்கு மூன்று, தாயத்துக்கு ஒன்றரை, வேப்பிலை அடித்தவனுக்கு முக்கால், பேய் பிடித்தவர்களை உட்காரவைக்கிற கோமதியம்மன் சன்னதிச் சக்கரத்தில் அவளையும் உட்காரவைத்த வகையில் வண்டிக்கூலி, எண்ணெய், அர்ச்சனை எல்லாம் சேர்த்து நான்கு. துட்டு போய்விட்டது. சரக்கு வரவில்லை.

"தபசு முடியட்டும் அத்தை. மறுநாள் ரயிலுதான். மெட்ராஸ்ல பைத்தியக்கார ஆஸ்பத்திரில விட்டுட்டு வந்துருதேன்" என்றான் மூக்காண்டி. கோமதியம்மனுக்கு ஆடித் தபசுத் திருவிழா வர இன்னும் பத்து நாள் இருந்தது.

அவன் அத்தை என்று கூப்பிட்ட முப்பிடாதியம்மாள் சொந்த அத்தை இல்லை. ஆட்டுத் தரகு பார்க்கிறவள். அவளுடைய புருசன் வெள்ளத்துரையும் மூக்காண்டியின் அப்பனும் சந்தையில் கூட்டு. இரண்டு ஆண்களும் போய்ச் சேர்ந்த பிறகு வெள்ளத்துரையின் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குள் இறங்கினாள் முப்பிடாதி. அன்றோடு ஊர்ப் பொம்பளைகள் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

காரணம் அந்தத் துண்டுதான். சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேர் கையின் மேலும் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம். ஒரு விரல் என்றால் ஒன்று, முழுக்கையும் என்றால் ஐந்து. விலை படிந்தால் உள்ளங்கையை ஒரு அமுக்கு. சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருத்தனுக்கும் தெரியாது. துண்டுக்குள் சொன்னதை வெளியே சொன்னவனுக்கு மறுநாள் சந்தையில் இடம் கிடையாது.

ஒரு பொம்பளை கண்ட ஆம்பளை கையைத் துண்டுக்குள் பிடிக்கிறாளே என்று ஊர் வாயைப் பொத்திக்கொண்டது. "ஆட்டு விலைக்கு மேல ஒருத்தன் கேட்டான். அவன் இப்ப இடது கையால சோறு திங்கான்" என்று முப்பிடாதி சிரிப்பாள். வீட்டுக்குப் போனால் அந்தச் சிரிப்பைக் கேட்க ஆள் கிடையாது. பதினாலு வருசமாக அவள் கையைத் தொட்டவர்கள் எல்லாரும் விலை கேட்கத்தான் தொட்டார்கள்.

"பேசலைன்னா பைத்தியமாலே?" என்று கேட்டாள் முப்பிடாதி.

"பேசலைன்னா மட்டுமா? பீட் போலீசு பூட்ஸ் சத்தம் கேட்டா ஓடிப்போய்ப் பருத்திக்கொட்டை மூட்டைக்குப் பின்னால ஒளியுதா. இருட்டுத வரைக்கும் வெளிய வாரதில்ல. என் வீட்டுக்காரி பேயிங்கா."

ஊர் பேய் என்று சொல்லவில்லை. ஊருக்கு வேறு பேர் தெரியும். பதினேழு வயசில் சிவனாண்டியைக் கட்டிக்கொண்டு மலாயாவுக்குக் கப்பலேறியவள் ஆறுமுகத்தாய். ஜப்பான்காரன் வந்தான். சிவனாண்டியைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனான். அவன் திரும்பவில்லை. அதற்குப் பிறகு தோட்டத்து லயத்து வீடுகளில் தனியாக இருந்த பெண்களைப் பட்டாளம் என்ன செய்தது என்று கப்பலில் வந்தவர்கள் பாதியை விழுங்கி அரசல்புரசலாகச் சொல்லியிருந்தார்கள். பங்குனியில் ஒரு தகரப்பெட்டியோடு ஊர் வந்தாள். அவள் இறைத்துவிட்டுப் போன கிணற்றில் அன்றைக்கு முழுவதும் வேறு வாளி இறங்கவில்லை.

மறுநாள் முப்பிடாதி ஒரு வெள்ளாட்டுக் குட்டியை இழுத்துக்கொண்டு போனாள். மூக்காண்டி வேலைக்குப் போயிருந்தான். பின்கட்டில், மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள் ஆறுமுகத்தாய். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது.

"ஏட்டி, ஒங்கப்பன் மடியில உக்காந்து சந்தையில வெரல் பிடிச்சவதானே நீ? இந்தக் குட்டிக்கு ஒரு வெலை சொல்லு பாப்போம். கரிவலத்து யாவாரி நாலுங்கான்." துண்டை விரித்துத் தன் கையை உள்ளே வைத்துக்கொண்டாள்.

குட்டி ஒரு பருத்திக்கொட்டை மூட்டையைக் கடித்துப் பார்த்துத் துப்பியது. பிறகு, குளிர்ந்த ஒரு கை துண்டுக்குள் நுழைந்தது. முழுக்கை ஒரு தரம், அப்புறம் இரண்டு விரல். ஏழு.

"ஏழா! அப்பன் பிள்ளைன்னு நிரூபிச்சிட்டியேட்டி" என்று முப்பிடாதி வாய்விட்டுச் சிரித்தாள். கை உள்ளேயே இருந்தது. எடுக்கவில்லை. முப்பிடாதியின் சிரிப்பு நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பட்டாளத்தானுவளா?"

ஒரு விரல் அசைந்தது.

"எத்தனை பேருட்டி?"

விரல்கள் பேச ஆரம்பித்தன. முழுக்கை. மறுபடி முழுக்கை. அதோடு நிற்கவில்லை. அந்தத் தொகையை இங்கே எழுதுவதற்கில்லை. சந்தை வழக்கம் அப்படி.

முடிந்ததும் முப்பிடாதியின் விரல்கள் பதில் சொல்லின. அவள் யோசித்துச் சொல்லவில்லை. பதினாலு வருசத்துப் பழக்கம். எவன் எந்தத் தொகையைச் சொன்னாலும் அதில் இரண்டைக் குறைத்துத் திருப்பிப் பிடிக்கிற விரல் அது. இரண்டைக் குறைத்துப் பிடித்தது.

ஆறுமுகத்தாயின் கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாகத் துண்டைவிட்டு வெளியே போயிற்று. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஏட்டி… ஏட்டி மக்கா, அது கை பழக்கம்ட்டி. நான் நெனைச்சுச் செய்யல."

முப்பிடாதி குட்டியை இழுத்துக்கொண்டு திரும்பினாள்.

மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எத்தனை பொய்க்காரன் விலையைக் குறைத்திருக்கிறாள், அதெல்லாம் கெட்டிக்காரத்தனம். ஆனால் அந்தப் பிள்ளை மூணு வருசமாக ஒருத்தரிடமும் சொல்லாத தொகையை வந்து சொன்னது. அதையும் ‘அம்புட்டு இருக்காது’ என்று குறைத்தாயிற்றே. கப்பலில் வந்தவர்களும் ஊரும் செய்ததையே இந்த விரலும் செய்துவிட்டது. கையை அரப்புப் போட்டுக் கழுவினாள். கழுவிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாலாம் நாள் போனாள். மூக்காண்டியின் பெண்சாதி வாசலை மறித்தாள். "அத்தை, சந்தைக்காரி வந்து போனாள்ன்னு பேராகிரும்."

"ஒன் வீட்டுக்கு இருக்கிற பேரில நான் ஒண்ணும் கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன். தள்ளுட்டி."

ஆறுமுகத்தாய் அதே மூட்டைக்குப் பின்னால் இருந்தாள். முப்பிடாதி இருவருக்கும் நடுவே துண்டை விரித்தாள். தன் கையை உள்ளே வைத்துக் காத்திருந்தாள். வெயில் முற்றத்தின் பாதியைத் தாண்டிப் போயிற்று. கால் மரத்துவிட்டது. கடைசியில் அந்தக் குளிர்ந்த கை வந்தது, ஒன்றும் சொல்லாமல் கிடந்தது.

முப்பிடாதி அதைப் பிடித்தாள். முழுக்கை. மறுபடி முழுக்கை. அன்றைக்கு அவள் கேட்ட அதே தொகை, ஒன்றுகூடக் குறையாமல். தரகுக்காரி தொகையை மறப்பதில்லை. சொல்லி முடித்து உள்ளங்கையை ஒரு அமுக்கு அமுக்கினாள். வாழ்நாளில் முதல் தடவையாக, சொன்னதைச் சொன்னபடி ஒத்துக்கொண்டாள்.

துண்டின் மேல் பொட்டுப் பொட்டாக நனைந்தது. யார் கண்ணிலிருந்து என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. பிறகு ஆறுமுகத்தாய் அந்தக் கையைத் துண்டுக்குள்ளேயே இழுத்துத் தன் அடிவயிற்றில் வைத்துக்கொண்டாள். சேலைக்கு மேலேயே கொதித்தது.

"எத்தனை நாளாட்டி காய்ச்சல்?" என்று கேட்டுவிட்டு, "சரி, சரி. வேண்டாம். வெரலுக்கும் ஓய்வு வேணும்" என்றாள்.

சனிக்கிழமை திருநெல்வேலியிலிருந்து டாக்டர் காந்திமதியம்மாள் வருவாள். வாடகைக்கு எடுத்த ஒரு கடையில் திரை கட்டிப் பெண்களுக்கு மட்டும் வைத்தியம். கண்ணாடி போட்ட, சிரிக்காத மனுசி. முப்பிடாதி ஆறுமுகத்தாயைக் கூட்டிக்கொண்டு போய்க் கடைசி ஆளாக உட்கார்ந்தாள்.

"என்ன ஆச்சு இவங்களுக்கு?"

"அது எனக்குத் தெரியும் டாக்டரம்மா. ஆனா நான் சொல்ல முடியாது."

"சொல்லாம நான் எப்படி மருந்து கொடுக்க?"

"சந்தை வழக்கம். துண்டுக்குள்ள கேட்டதைத் துண்டுக்குள்ளதான் கேட்டுக்கிடணும். கையைக் குடுங்க, வெரல் பிடிக்கச் சொல்லித்தாரேன். ஒரே ஒரு விசயம் டாக்டரம்மா. அவ சொல்லுத தொகையைக் கொறைச்சிராதீங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினாள். "நான் எல். எம். பி. டாக்டருக்குப் படிச்சவ" என்றாள், யாரிடம் என்றில்லாமல். பிறகு கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். முப்பிடாதி துண்டைப் போட்டுவிட்டுத் திரைக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். ரொம்ப நேரம் கழித்து டாக்டரின் குரல் மட்டும் கேட்டது: "ஆமாம்மா. அவ்வளவும்தான். நான் நம்புதேன்."

வெளியே வந்தபோது டாக்டரின் முகம் சுண்டியிருந்தது. "பைத்தியம் ஒண்ணும் இல்லை. அவனுங்க கொடுத்த சீக்கு இது. பன்னிரண்டு ஊசி, வாரம் ஒண்ணு. ஒண்ணுகூட விடக்கூடாது. இவங்களை எந்த ரயிலிலும் ஏத்தாதீங்க."

அன்று சாயந்தரம் முப்பிடாதி சொன்னதைக் கேட்டுவிட்டு மூக்காண்டி நாலா பக்கமும் பார்த்தான். "சீக்குன்னு தெரிஞ்சா எம் பிள்ளைகளுக்கு எவன் பொண்ணு குடுப்பான் அத்தை?"

"அப்ப என் வீட்டுல இருக்கட்டும். எனக்கு எவன் குடுக்கணும் பொண்ணு? மெட்ராஸ் டிக்கெட்டுத் துட்டு ஒனக்கு மிச்சம்லா. அதுல ரெண்டு சேலை எடுத்துப் போடு."

"ஒண்ணு."

"ஏலே, தங்கச்சிக்குமா பேரம்? ரெண்டு."

"சரி, ரெண்டு" என்றான். அவன் மூச்சு இறங்கியது தெருமுனை வரைக்கும் தெரிந்தது.

தபசு வந்தது, போயிற்று. மறுநாள் ரயிலும் ஆறுமுகத்தாயை ஏற்றாமல் போயிற்று. இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே, ஆளுக்கொரு மூலையில் சாப்பிட்டார்கள். முப்பிடாதி ஒன்றும் கேட்பதில்லை. சில பொழுது ஆறுமுகத்தாயாகத் துண்டை எடுத்து விரிப்பாள், கையை வைப்பாள், எந்தத் தொகையும் சொல்லாமல் சும்மா வைத்திருப்பாள். பூட்ஸ் சத்தம் கேட்டால் இப்போதும் எழுந்து உள்ளே போய்விடுவாள். மூக்காண்டி தெருவின் எதிர்ப்பக்கமாகவே நடந்தான்.

ஒன்பதாவது ஊசி போட்ட வாரம், சந்தையில் முப்பிடாதிக்குப் பின்னால் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள் ஆறுமுகத்தாய். முகம்மது மைதீன் என்கிற கசாப்புக் கடைக்காரர் ஒரு கிடாயைத் தடவிப் பார்த்துவிட்டு, துண்டுக்குப் பொறுமையில்லாமல், "ஆறுதான் தருவேன்" என்று வாயாலேயே சொன்னார்.

"எட்டு" என்றது ஒரு குரல். துருப்பிடித்த கதவைத் திறந்த மாதிரி.

மைதீன் சுற்றும் முற்றும் பார்த்தார். "யாரு சொன்னது?"

"காது கேக்கலையாவே? எட்டு" என்றாள் முப்பிடாதி. அன்றைக்கு ஆறுமுகத்தாய் வேறு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

எழுதத் தெரியாத முப்பிடாதிக்கு அடுப்படிச் சுவரும் கரிக்கட்டியும்தான் பேரேடு. அன்று சாயந்தரம் நின்று பார்த்தாள். சேலை: சொன்னது இரண்டு, வந்தது ஒன்று, பாக்கி ஒன்று. ஊசி: பன்னிரண்டு, போட்டது ஒன்பது, பாக்கி மூன்று. வார்த்தை: வரவு ஒன்று. அதற்கும் கீழே, வேறு யாருக்கும் விளங்காத கோடுகளாக, துண்டுக்குள் சொன்ன தொகை: வரவு இல்லை, தள்ளுபடி இல்லை, அவ்வளவும் பாக்கி.