இரண்டு மகாராணிகள்

இப்போதெல்லாம் பால் பண்ணை ஆய்வுக்குப் போனால் மாட்டின் காதருகே கருவியைக் காட்டினால் போதும். எண், வயது, போட்ட ஊசி எல்லாம் திரையில் வந்துவிடும். வசதிதான், யார் இல்லை என்றது? ஆனாலும் சாணிக் கறையும் கோழிக் கிறுக்கலுமாக இருந்த அந்த மருந்துப் பதிவேடுகளை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பண்ணைக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. ஒரு புருஷன் பெண்டாட்டி, பதினாலு மாடு வைத்திருந்தார்கள்; ஆளுக்கு ஏழாகக் கறப்பார்கள். அவர்கள் பதிவேட்டில் ஒரு வரி: "மகாராணிக்கு மடிநோய் ஊசி." மாட்டின் காதில் மாட்டியிருக்கும் வில்லையின் எண்ணைக் காணோம். ஊசி போட்ட மாட்டின் பாலை ஐந்து நாள் விற்கக் கூடாது. எந்த மாடு என்றே தெரியாவிட்டால் எந்தப் பாலை நிறுத்தினார்கள்? உரிமமே போய்விடும் குற்றம் அது. உரிமம் போனால் பிழைப்பும் போச்சு.

"எதுங்க மகாராணி?" என்றேன்.

அவர் கறுப்பு மாட்டைக் காட்டினார். அந்த அம்மா செவலையைக் காட்டினார்.

அகப்பட்டார்கள் என்று பேனாவைத் திறந்து, 'உரிமம் ரத்து செய்யப் பரிந்துரை' என்று எழுதவும் ஆரம்பித்துவிட்டேன்.

"டாக்டர் ஊசி போட்டது இவளுக்குங்க! அன்னிக்கு நீங்க வெளியூர் போயிருந்தீங்க," என்று அந்த அம்மா கணவரிடம் சொன்னார்.

"நீ மகாராணின்னுதானே சொன்னே? எழுதிட்டு, என் பங்கு ஏழு மாட்டுல இவ பாலைக் கொட்டினேன்."

"அய்யோ, அந்தக் கறுப்பி பேரு வாயாடிங்க! நான் என் பங்குல இவ பாலைக் கொட்டினேன்."

"அதான் அந்த அஞ்சு நாளும் பால் அவ்ளோ கம்மியா?"

கதை நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். நம்பவில்லை. கொள்முதல் நிலையத்துச் சீட்டுகளைக் கேட்டேன். கம்பியில் குத்தி வைத்திருந்த சீட்டுக் கட்டை அந்த அம்மா அப்படியே கொண்டுவந்து கொடுத்தார். ஒரு மாட்டுப் பாலை மட்டும் நிறுத்தியிருந்தால் நாளைக்குப் பத்து லிட்டர் குறைந்திருக்க வேண்டும். ஐந்து நாளும் இருபது இருபதாகக் குறைந்திருந்தது, இரண்டு மாட்டுப் பால்.

"நல்லா இருந்த மாட்டுப் பாலையா கொட்டினீங்க?" என்று அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவரும் சிரித்தார். நான் அங்கே நிற்பதையே இருவரும் மறந்துவிட்டார்கள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழுதிய தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன். இனிமேல் எண்ணையும் எழுதுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் சீட்டுகளை அவர்கள் தூக்கிப் போட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.