பிரௌட்டி கையில் பென்சில்

அமெரிக்க அதிபருக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தவர், கலைக்கும் வெளிநாட்டு உறவுக்கும் ஆலோசனை சொன்னவர் லேலண்ட் பிரௌட்டி. ஓய்வுபெற்றதும் தம் காகிதங்களையெல்லாம் ஓஹியோவில் ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்தார். கொடுத்தவர் வீட்டில் இருக்க வேண்டியதுதானே? வாரந்தோறும் டை கட்டிக்கொண்டு வந்து, தம் பெட்டிகளைத் தாமே கேட்டு வாங்கிப் படிப்பார்.

திங்கட்கிழமை அவற்றை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். காப்பாளர் வெர்னா கடைசியாக ஒருமுறை புரட்டியபோது பகீரென்றது. ஒரு தூதருக்கான விருந்துப் பேச்சில் ‘நிரந்தர நட்பு’ அடிக்கப்பட்டு, மேலே பென்சிலில் ‘ஓரளவு நட்பு’ என்றிருந்தது. வாசிப்பறையில் பேனா கூடாதென்று பிரௌட்டியிடம் பென்சிலை நீட்டியதே அவள்தான். நேரே அவர் மேசைக்குப் போனாள்.

“சார், இது நாப்பது வருஷத்துக்கு முன்னாடி பேசி முடிச்ச பேச்சு!”

“அதுக்கப்புறம் அந்த நாட்டுக்காரங்க நடந்துக்கிட்ட லட்சணத்தைப் பாத்தியாம்மா?”

“அதிபர் அப்பவே தயங்கினார்னு யாராவது புத்தகம் எழுதிடுவாங்க சார்!”

“எழுதட்டுமே. புத்திசாலின்னு பேர் வரும்.”

வெர்னா பல்லைக் கடித்துக்கொண்டு பென்சிலைப் பிடுங்கினாள். அழித்தால் காகிதம் பாழாகும். ‘பென்சில் திருத்தங்கள் பிற்காலத்தில் ஆசிரியரால் செய்யப்பட்டவை’ என்று ஒரு குறிப்பு எழுதி, “இதுல கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா திங்கக்கிழமை பெட்டியைத் திறக்க முடியாது” என்றாள்.

பிரௌட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். முகம் சுளித்தார்.

“‘செய்யப்பட்டவை’யா? உயிரே இல்லையேம்மா. அந்தப் பென்சிலை இப்படிக் குடு.”