வலப்பக்கம் விழுந்த காலர்

பேஷன் ஷோ தொடங்கும் முன்பே, உடுப்புகளை வடிவமைத்த மேடம் எல்லோருடைய போனையும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போடச் சொல்லிவிட்டாள். மாடல் பெண்கள், உடுப்பு மாட்டிவிடுகிறவர்கள், இஸ்திரிக்காரர் என்று ஒருத்தர் பாக்கியில்லை. கேமராவைக் கூடையில் போட முடியாதே! அதனால் போட்டோக்காரன் மூட்டைக்குப் பின்னால் ஒரு காவல்காரரை நிறுத்தினாள்.

மூட்டை என்பது உடன் வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர். கிடங்கில் சுமை தூக்கிய குடும்பம். அவனும் தூக்கியவன்தான். இப்போது தோளுக்கு ஒன்றாகக் கேமரா தொங்கினாலும் நடை மாறவில்லை. முதுகில் இன்னும் ஏதோ இருக்கிற மாதிரி முன்னால் சாய்ந்தே போவான்.

பேஷன் ஷோவில் கடைசியாக வருகிற உடுப்புதான் உயிர். மேடையேறும் வரை வெளியாள் கண்ணில் அது படக்கூடாது. போன ஷோவில் மேடத்தின் கடைசி உடுப்பு, மேடைக்கு வரும் முன்பே எதிர்க்கடையின் கண்ணாடி அலமாரியில் தொங்கிவிட்டது. போன்களை விட்டால், அன்று உடை மாற்றும் அறையில் கேமராவோடு இருந்தவன் மூட்டை ஒருத்தன்தான்.

எதிர்க்கடையிலிருந்து அந்தக் காப்பியை மேடம் ஆள் விட்டு வாங்கி வந்திருந்தாள். அறைக் கதவில் அசல் ஒரு பக்கம், காப்பி ஒரு பக்கம் தொங்கவிட்டிருந்தாள். "எல்லாரும் பாத்துக்கிட்டே வேலை செய்யுங்க." அசலில் காலர் இடது தோளில் சரிந்து விழும். காப்பியில் வலது தோளில் விழுந்தது. "திருட்டை மறைக்கப் பக்கத்தை மாத்தித் தைச்சிருக்கானுங்க, பாத்தியா சாமர்த்தியத்தை!" என்று பல்லைக் கடித்தாள்.

பிறகு மூட்டையிடம் வந்தாள். "ஷோ முடிஞ்சதும் கேமரா கார்டு என் கைக்கு வரணும். செஞ்சது யாருன்னு நீ சொல்லலைன்னா நீதான்னு முடிவு பண்ணிக்குவேன். அப்புறம் இந்த ஊர்ல ஒரு கல்யாண வீட்டுல கூட நீ கேமரா தூக்க முடியாது."

"நான் செஞ்சிருந்தா இப்படி உங்க முன்னாடி வந்து நிப்பேனா மேடம்?"

"நிப்ப. செஞ்சவன்தான் நல்லா நிமிர்ந்து நிப்பான்."

மூட்டைக்குக் கேமரா போனால் மறுபடி கிடங்குதான். முட்டி இரண்டும் இனி அதற்கு ஒத்துழைக்காது.

அன்றைக்கு அவன் முகங்களை எடுக்கவில்லை, கைகளை எடுத்தான். கொக்கி மாட்டும் கை, ஊக்குக் குத்தும் கை, பைக்குள் போய்விட்டு வரும் கை. இஸ்திரிக்காரருக்குப் புதுச் செருப்பு எப்படி வந்தது? ஒட்டகம் என்று கூப்பிடப்படும் அந்த உயரமான மாடல் பெண் எதற்கு அடிக்கடி வெளியே போகிறாள்? கண்கொத்திப் பாம்பாக எல்லோரையும் பார்த்தான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"அண்ணே, கழுத்துல மூச்சு விடாதீங்க, கூசுது."

"மூச்சு விடாம நான் செத்தா அதையும் ஒரு படம் எடுத்துக்குவ" என்றார் காவல்காரர், ஒரு அடி நெருங்கி.

அவர் முட்டி மூட்டையின் காலில் இடித்தது. சாய்ந்ததில் விரல் அழுந்தி ஒரு படம் விழுந்துவிட்டது. மேக்கப் கண்ணாடியை அவன் எப்போதும் தவிர்ப்பான், தன் கறுத்த உருவமே அதில் வந்து நிற்கும். இந்தப் படத்தில் முழுக்கக் கண்ணாடிதான். அழிக்கப் போனவன் நின்றான். கண்ணாடிக்குள் கதவு தெரிந்தது, கதவில் இரண்டு உடுப்பும் தெரிந்தன. வலது தோள் காலரோடு தொங்கிய காப்பி, படத்தில் இடது தோள் காலரோடு இருந்தது.

அப்படியானால் எவனும் பக்கத்தை மாற்றவில்லை. அசலைக் கண்ணாடியில் எடுத்த படத்தில் காலர் வலப்பக்கம் தெரிந்திருக்கும், அதைப் பார்த்தபடியே தைத்திருக்கிறான். கண்ணாடியைப் பார்த்துப் படம் எடுக்கிற ஆள் யார்?

திரும்பினான். ஒட்டகத்தின் தோளுக்குப் பின்னாலிருந்து கண்ணாடிக்கு நேராகப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள் மேக்கப் போடுகிறவள். அவனுடைய சொந்த அக்கா. இந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவள். இரண்டு கண்ணுக்கும் போட்ட மை ஒத்துப்போனதா என்று கண்ணாடியில் படமெடுத்துப் பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி. வேலைக்கு வேண்டும் என்பதால் அவள் போன் மட்டும் கூடைக்குப் போகவில்லை. மேடம் உட்பட யாருக்கும் அது உறைக்கவேயில்லை.

ஒட்டகம் எழுந்து போனதும், அக்காவைப் படமெடுப்பது போல நெருங்கி, காவல்காரருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

"போனைக் காட்டு."

"எதுக்குடா?" பிரஷ்ஷைப் பல்லில் கடித்திருந்தாள்.

"காட்டுக்கா."

போன் திரையில் படங்கள் முகம் முகமாக நகர்ந்தன. போன ஷோவுக்கு முந்தைய ஒத்திகை நாள் வந்தது. உடுப்பு மாட்டிய பிறகு உதட்டுக்குக் கடைசிப் பூச்சு. உதட்டுக்குக் கீழே காலர், மடிப்பு, பின்னல் எல்லாம் பளிச்சென்று.

"யாருக்கு அனுப்புன?"

"என்கிட்ட கத்துக்க வர்ற பொண்ணுங்களுக்கு. உதட்டுக்கு ரெண்டு நிறம் எப்படிக் கலக்குறதுன்னு கேட்டாளுங்க."

"கீழ என்ன இருக்குன்னு பாக்கலையா?"

"நான் ஏன் கீழ பாக்குறேன்? என் வேலை கழுத்தோட முடிஞ்சுது."

அது பொய்யென்று சொல்ல முடியாது. கல்யாணத்துக்குப் போய் வந்தால் மணப்பெண்ணின் புருவத்தைப் பற்றி மட்டும் ஒரு வாரம் பேசுகிறவள் அவள். மணப்பெண் என்ன கட்டியிருந்தாள் என்று கேட்டால் விழிப்பாள்.

"அதுல எவளாவது எதிர்க்கடையில வேலை பாக்குறாளா?"

"எனக்கென்ன தெரியும்?" கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது. அதுதான் அவனுக்கு இடித்தது.

"ஷோ முடிஞ்சதும் மேடம்கிட்ட நீயே சொல்லிடு. இல்லைன்னா என் தலைதான் உருளும்."

"சொல்றேன் போ. காவல்காரர் நிக்குறாரு பாரு, வேலையைப் பாரு."

மேடையின் முனையில் போட்டோக்காரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மூட்டை தன் இடத்தில் முட்டி போட்டான். மாடல் நடந்து வந்து முன்கால் தரையைத் தொடும் நேரம்தான் உடுப்பு சரியாக விரியும், அப்போது அழுத்த வேண்டும். பழகிய விரல் தானாக அழுத்தியது. கடைசி உடுப்பில் ஒட்டகம் வந்தபோது மட்டும் அவன் கண் துணியில் நிற்கவில்லை. உதட்டுக்கு ஏறியது. இரண்டு நிறம், அழகாகத்தான் கலந்திருந்தாள்.

கைதட்டல் அடங்கியதும் மேடம் கையை நீட்டினாள். கார்டைக் கொடுத்தான்.

"சொல்லு, யாரு?"

அக்கா பிரஷ்களைத் துடைத்து உறையில் செருகிக்கொண்டிருந்தாள். அவன் காத்திருந்தான். அடுத்த பிரஷ்ஷை எடுத்து முடியை ஊதினாள். நிமிரவில்லை.

"வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள் மேடம்.

அவன் கதவில் தொங்கிய காப்பியைக் கழற்றி எடுத்துப்போய் அக்காவின் கண்ணாடி முன்னால் தூக்கிப் பிடித்தான்.

மேடம் தையல் மெஷினில் உட்கார்ந்து மேலே வந்தவள். கண்ணாடிக்குள் காலர் இடது தோளில் விழுவதைப் பார்த்ததும் அவள் முகம் கல்லானது. "இந்தக் கண்ணாடி முன்னாடி போனோட நிக்கறது யாரு?"

"நான்தான் மேடம்" என்றாள் அக்கா. "முகத்தைத்தான் எடுத்துக் கத்துக்க வர்ற பொண்ணுங்களுக்கு அனுப்பினேன்."

"முகம்தான்னா முகத்தோட வெட்டி அனுப்பியிருக்கலாமே. நாளையிலேருந்து வராத." கார்டை அவன் பக்கம் தள்ளினாள். "நீ எப்பவும் போல வேலைக்கு வா."

வெளியே இன்னும் வெயில் இருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் அக்கா மேக்கப் பெட்டியைக் காலுக்கிடையில் வைத்து நின்றாள்.

"சொல்றேன்னுதானே சொன்னேன்?"

"எப்போ சொல்லப்போற, நான் கிடங்குக்குப் போனப்புறமா?"

"பிரஷ்ஷையெல்லாம் எடுத்து வெச்சுட்டு சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கூடப்பிறந்தவளைக் கண்ணாடியில காட்டிக் கொடுத்துட்டல்ல?"

அவள் கையில் போன் அதிர்ந்தது.

"யாருக்கா?"

"கத்துக்க வர்ற பொண்ணு" என்றாள். அவன் பார்த்துவிடாதபடி போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, பக்கவாட்டாக நின்று படிக்க ஆரம்பித்தாள்.

அவளுக்குப் பின்னால் மூடிக்கிடந்த கடையின் கண்ணாடியில் போன் திரை தெரிந்தது. எழுத்துகள் இடம் வலமாக மாறி ஓடின. வெறுங்கண்ணால் படிக்க முடியாது. படமெடுத்துப் புரட்டிப் போட்டால் படித்துவிடலாம்.

பஸ் வரும் சத்தம் கேட்டது. மூட்டை தோளிலிருந்த கேமராவை மெல்ல இறக்கி, கடைக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தான்.